எத்தனால் பெட்ரோல்: அப்பாவின் ஆர்எக்ஸ் 100-ம் மருந்தடிக்கும் மிஷினும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் நீடாமங்கலம் பக்கம். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், மாதம் ஒருமுறை போய் வந்தால் அதிகம். அப்பாவிடம் 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இருக்கிறது. புரட்டாசியில் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன், அன்றிலிருந்து வண்டி முக்கால் டேங்க் பெட்ரோலோடு மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பில் நிற்கிறது. போன வாரம் போய் உதைத்தேன், உதைத்தேன், உதைத்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை பிடித்து இரண்டு நிமிடம் ஓடிவிட்டு ஆஃப் ஆனது, அப்புறம் பேச்சுமூச்சு இல்லை.

அதே நாளில் முதுகில் மாட்டும் பவர் ஸ்ப்ரேயரையும் எடுத்தோம். ஆடியில் குறுவைக்கு மருந்தடித்ததோடு மூலையில் வைத்தது, டேங்கில் கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோல் மிச்சம் இருந்தது. சம்பாவுக்கு எடுத்தால் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனதுதான் மிச்சம். பெட்ரோல் டியூப் கட்டைபோல் விறைத்திருக்கிறது, பெட்ரோல் ஏற்ற அமுக்கும் ரப்பர் பல்ப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

பைக்கில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் கார்புரேட்டரை உள்ளூர்ப் பட்டறையில் கழற்றினோம். அடிக் கிண்ணத்தில் வெள்ளையாகப் பொடி, பெட்ரோல் போகும் சின்ன ஓட்டையுள்ள பித்தளை ஜெட்டில் பச்சை. அவர் பார்த்த மாத்திரத்தில் "எல்லாம் எத்தனால் சார், இனி இந்த வண்டி தாங்காது, இன்ஜினே போய்டும், நானே எடுத்துக்கிறேன், நாற்பது தர்றேன்" என்கிறார். ஆர்எக்ஸ் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று எனக்கும் தெரியும், அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

கேட்க நினைப்பது: உண்மையிலேயே எத்தனால்தான் காரணமா? பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் (சாராயம்) கலந்து விற்கிறார்களே, அதைப் போட்டு வண்டியை ஓட்டலாமா? மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்? எத்தனால் இல்லாத பெட்ரோல் எங்காவது கிடைக்கிறதா?

பழனிரோடு பட்டறை:

முதலில் வண்டியை விற்காதே தம்பி. நாற்பதுக்கு ஆர்எக்ஸ் கிடைத்தால் நான் இன்றைக்கே திண்டுக்கல்லில் இருந்து பஸ் ஏறி வருகிறேன்.

26 வருடமாக டூ ஸ்ட்ரோக் வண்டிதான் பார்க்கிறேன். என் பட்டறைக்கு இந்தப் பெட்ரோலால் பழுதாகி வரும் வண்டிகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஓடிக் கெட்டவை இல்லை, நின்று கெட்டவை. தினமும் பால் கேன் கட்டி நாற்பது கிலோமீட்டர் ஓடும் பழைய எக்செல் சூப்பர் என்னிடம் ஆயிலுக்கும் பிளக்குக்கும்தான் வருகிறது. ஆசைக்கு வாங்கி உறை போட்டு மூடி ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைக்கிற வண்டிதான் கார்புரேட்டர் அடைத்து வருகிறது. பெட்ரோல் டேங்கில் புதிதாக வந்து, ஓடி, தீர்ந்துகொண்டே இருந்தால் அதற்குக் கெடுதல் செய்ய நேரம் கிடைப்பதில்லை.

இப்போது உன் வண்டிக்கு. டேங்க் பெட்ரோலை நேராகக் கார்புரேட்டருக்கு விடாதே. டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைக் கழற்றி மொத்தத்தையும் ஒரு வெள்ளைக் கேனில் இறக்கு, அரை மணி நேரம் அசைக்காமல் வை, அடியில் தனியாக ஏதாவது நிற்கிறதா பார்த்துச் சொல். டேங்கின் உள்ளே டார்ச் அடித்துத் துரு எவ்வளவு என்றும் பார். அப்புறம் கார்புரேட்டரை முழுக்கப் பிரித்து ஜெட்டுகளைக் காற்று அடித்துச் சுத்தம் செய்யச் சொல், ஊசி விட்டுக் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். ஃப்ளோட் ஊசி, கிண்ணத்து ஓ-ரிங், டேப்புக்குள் இருக்கும் ரப்பர் வாஷர், பெட்ரோல் டியூப், இந்த நாலையும் புதிதாக மாற்று. எல்லாம் சேர்த்தாலும் ஒரு நல்ல ஹெல்மெட் விலை வராது. பழைய ரப்பர் இந்தப் பெட்ரோலில் ஊதி, பிறகு காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மருந்து மிஷினில் இருக்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பில் நடப்பது வேறு, அதன் மென்மையை எத்தனால் உறிஞ்சிவிடும், அதனால்தான் கட்டைபோல் ஆனது. டியூப் வாங்கும்போது எத்தனால் தாங்கும் விட்டான் என்ற ரப்பர் ரகத்தைக் கேட்டு வாங்கு, விலை கூடத்தான், ஆனால் உழைக்கும்.

ஓட்டலாமா என்றால், ஓட்டலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்த்து ஓட்டு. டீத்தூள் நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டரில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருகிப் பார், அதுவும் போதாவிட்டால் ஸ்லைடு ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறி பெட்ரோல் கூடும். கடைசியாகத்தான் மெயின் ஜெட்டில் கை வைக்க வேண்டும். ஃபுல் திராட்டிலில் நீண்ட தூரம் போகிறவனுக்கு அது முக்கியம், அப்பா கடைத்தெருவுக்குப் போய்வர என்றால் தேவையே படாது.

மைலேஜ் கணக்கர்:

மன்னிக்கவும், "ஓட்டலாம்" என்று இவ்வளவு எளிதாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. என்னுடையது 2009 ஸ்ப்ளெண்டர். லிட்டருக்கு 62 கொடுத்துக்கொண்டிருந்தது இப்போது 50. ஒவ்வொரு முறையும் டேங்க் நிரப்பி நோட்டில் எழுதி வைப்பவன் நான், வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. பெட்ரோல் விலை பெரிதாகக் குறையவில்லை, கலப்பு மட்டும் 10-இல் இருந்து 20 ஆகிவிட்டது. 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டார்கள், 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னே இழுத்து 2025-லேயே முடித்துவிட்டார்கள். அதற்குள் என் வண்டி மாறிவிடுமா?

சோடியம்:

நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவன், வண்டி மெக்கானிக் இல்லை. ஆனால் இதில் பாதி என் பாடம்.

கணக்கர் சார், எத்தனாலில் ஒரு லிட்டருக்கு இருக்கும் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கை அப்படி மாற்றினால் மொத்தத்தில் ஆறேழு சதவீதம் குறையும். பெட்ரோலில் துளி எத்தனாலும் இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால்தான் அந்த ஆறேழு. 10-இல் இருந்து 20-க்குப் போனதற்கு அதில் பாதிதான். மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7, இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று எழுதியிருக்கிறது. 62-இல் 4 சதவீதம் என்றால் இரண்டரை கிலோமீட்டர். உங்களுக்குப் போனது பன்னிரண்டு. மீதி ஒன்பதரையை எத்தனால் தலையில் கட்டினால், அடைத்துக் கிடக்கும் ஏர் ஃபில்டரும் உரசும் பிரேக் ஷூவும் சிரிக்கும்.

பட்டறை அண்ணன் சொன்ன "பெட்ரோல் போதாது" என்பதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிராம் போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதக் கலப்புக்கு 13.5 வரும். இன்ஜெக்ஷன் வண்டியில் சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இதை முகர்ந்து பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது. 1993-இல் துளைத்த ஓட்டை 1993-இன் அளவைத்தான் விடும். அதனால் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துபோகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம், திராட்டில் முறுக்கியதும் ஒரு திணறல், ஏற்றத்தில் சூடு எல்லாம் இதனால்தான். ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக்கில் கம்பெனியிலேயே பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருப்பார்கள், அது ஒரு பாதுகாப்பு.

இனி அந்த வெள்ளைப் பொடி. பழைய பெட்ரோல் தானாகக் கெட்டால் வார்னிஷ் மாதிரி மஞ்சள் பழுப்பில் பசை படியும், அது எத்தனால் இல்லாத காலத்திலும் நடந்ததுதான். வெள்ளைப் பொடி அலுமினியமும் துத்தநாகமும் அரித்தது, பச்சை பித்தளையில் இருக்கும் செம்பு அரித்தது. இரண்டும் தண்ணீர் இருந்ததற்கான சாட்சி. "எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான், ஆனால் மூடிய டேங்கில் அது மிக மெதுவாக நடப்பது. உங்கள் வண்டியில் தண்ணீர் வேறு வழியில் வந்திருக்கும் என்பது என் ஊகம். 10 சதவீதக் கலப்பு அரை சதவீதம் வரைக்கும் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அதாவது பத்து லிட்டர் டேங்கில் 50 மில்லி. கலப்பு கூடினால் தாங்கும் அளவும் கூடும், அதனால் இந்த ஒரு விஷயத்தில் 20 பரவாயில்லை. ஆனால் எல்லையைத் தாண்டினால் தண்ணீர் மட்டும் கீழே போகாது, எத்தனாலையும் இழுத்துக்கொண்டு போய் அடியில் தனி அடுக்காக நிற்கும். டேப் எங்கே இருக்கிறது? அடியில். இன்ஜினுக்கு முதலில் போவது அந்தச் சாராயத் தண்ணீர்தான். இரண்டு நிமிடம் ஓடி ஆஃப் ஆனதாகச் சொன்னீர்களே, கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல் அந்த இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

தென்னந்தோப்பு:

பொள்ளாச்சி பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். வாத்தியார் சொன்ன அடுக்கு பிரிகிற விஷயம் பைக்கைவிட ஆயில் கலந்து ஊற்றும் சின்ன இன்ஜின்களுக்கு மிக ஆபத்து. அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு பிரஷ் கட்டர் போயே போய்விட்டது. கலந்து வைத்த கேனில் எப்படியோ தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஆள் குலுக்காமல் ஊற்றி ஓட்டினான், பத்து நிமிடத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ஓடும் லைனரில் நீளக் கோடுகள். பிறகு கேனைப் பார்த்தால்தான் புரிந்தது: பெட்ரோலில் கலக்கும் டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) மேலே பெட்ரோலோடு நின்றுவிட்டது, அடியில் இறங்கியதில் ஆயில் துளி கூட இல்லை. ஆர்எக்ஸுக்கு ஆயில் டேங்க் தனி, பம்ப் தனியாக விடும், அதனால் இந்த விதத்தில் தப்பித்தது. உங்கள் மருந்து மிஷினுக்குத் தப்பிக்க வழி இல்லை, அது நல்லவேளை ஸ்டார்ட்டே ஆகவில்லை.

இப்போது நான் செய்வது: அன்றைக்கு வேண்டிய அரை லிட்டர், ஒரு லிட்டர்தான் கலக்குவது. பதினைந்து நாளைக்கு மேலான கலவையை ஊற்றுவதில்லை. வேலை முடிந்ததும் டேங்கில் இருப்பதைக் கொட்டிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து தானாக ஆஃப் ஆகும்வரை விட்டுவிடுவது, பிறகு பல்பை நாலு அமுக்கு அமுக்கி மிச்சத்தையும் வெளியேற்றுவது. இந்த மிஷின் கார்புரேட்டரில் கிண்ணம் இல்லை, காகிதம் மாதிரி ஒரு டயாபிராம்தான், அது விறைத்தால் கதை முடிந்தது. வருடம் ஒருமுறை அந்த செட்டையே மாற்றிவிடுகிறேன். தோட்டத்து ஜெனரேட்டருக்கும் இதே முறை, டேப்பை மூடிவிட்டு ஓடவிட்டு அணைய வைப்பது. கரண்ட் போகும்போது மட்டும் நினைவுக்கு வருகிற சாமான் அது, நாலு மாதம் கழித்து இழுக்கும்போது பழி வாங்கும்.

மைலேஜ் கணக்கர்:

பிரேக் ஷூ பார்த்தேன், உரசுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கோபம் கலப்பின் மேல் மட்டும் இல்லை, தேர்ந்தெடுக்க வழி இல்லாமல் செய்ததன் மேல். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரணப் பெட்ரோலை 10 சதவீதக் கலப்பாக்கியபோது பழைய வண்டிக்காரர்களுக்காக சூப்பர் ரகத்தை 5 சதவீதத்திலேயே விட்டுவைத்தார்கள். அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பை 2001-க்கு முந்தைய காரிலும், எந்த மோட்டார் சைக்கிளிலும், புல்வெட்டும் மிஷினிலும், படகு இன்ஜினிலும் ஊற்றக் கூடாது என்று பம்பிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பிரேசிலைக் காட்டி வாயை அடைக்கிறார்கள், அவர்கள் 1975-இல் தொடங்கி வண்டிகளையும் கூடவே மாற்றிக்கொண்டு வந்தவர்கள். இங்கே 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில்தான் உதிரிபாகங்கள் இதற்கென்று வருகின்றன. மற்றதெல்லாம் சோதனைக்கூடத்து எலியா?

உச்ச நீதிமன்றத்திலும் இந்தத் தேர்வு உரிமையைக் கேட்டுத்தான் வழக்குப் போட்டார்கள், 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி ஆகிவிட்டது.

சோடியம்:

இதில் நான் உங்கள் பக்கம்தான் சார். பெட்ரோலிய அமைச்சகமே, சில பழைய வண்டிகளில் 20 முதல் 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அந்தச் செலவு யார் தலையில் என்று மட்டும் சொல்லவில்லை. நம் தலையில்தான், வேறு யார்.

எத்தனால் இல்லாத பெட்ரோல் பற்றி: 95 ஆக்டேன் பிரீமியம் வாங்கினால் எத்தனாலில் இருந்து தப்பலாம் என்று நினைக்காதீர்கள், அதிலும் கலப்பு உண்டு. 100 ஆக்டேன் ரகத்தில் கலப்பதில்லை என்று விற்பவர்கள் சொல்கிறார்கள், பெரிய ஊர் பெட்ரோல் பங்குகளில்தான் கிடைக்கும், விலையும் கூட. யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம். 100 மில்லி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, மெதுவாக மூடியைத் திறந்து காற்றை விட்டு, பத்து நிமிடம் வையுங்கள். அடி அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 20 சதவீதக் கலப்பு என்றால் 25-ஐ ஒட்டி ஏறி நிற்கும். வெளியில், வெயில் படாத இடத்தில் செய்யுங்கள், பீடிக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

நாசில்கை:

பங்கில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி டேங்கில் தண்ணீர் இறங்குவது புதிதல்ல. முன்பெல்லாம் தண்ணீர் அடியில் கிடக்கும், உறிஞ்சும் குழாய் அதற்கு மேலே இருக்கும், யாருக்கும் தெரியாது. இப்போது கொஞ்சம் தண்ணீர் இறங்கினாலும் எத்தனாலை இழுத்து அடுக்கு உயரமாகி குழாய்க்கு எட்டிவிடும். அதனால்தான் டேங்கில் விட்டு அளவு பார்க்கும் டிப் கோலின் நுனியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட் தடவிப் பார்ப்பார்கள். டென்சிட்டி பார்க்கவும் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, சண்டை போடாமல் கேட்டாலே செய்து காட்டுவார்கள். பலத்த மழை பெய்த மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் நிரப்பாதீர்கள், ரோட்டில் தண்ணீர் தேங்கும் பங்கு என்றால் அந்த வாரம் வேறு பங்கு பாருங்கள். கேனில் வாங்கி மாதக்கணக்கில் வீட்டில் வைப்பதும் வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

டேங்கை இறக்கினோம். ஏழு லிட்டர் இருந்தது. வெள்ளைக் கேனில் அரை மணி நேரம் வைத்ததும் அடியில் ஒரு லிட்டருக்கும் மேலே தனியாக, கலங்கலாக, கோடு போட்டமாதிரி நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது, இவ்வளவு தண்ணீர் எப்படி என்று. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே "மூடியப் பாருடா" என்றார். டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்து ஒரு பக்கம் இல்லவே இல்லை. அண்ணாந்து பார்த்தால் சாய்ப்புக் கீற்றில் நேர் மேலே ஓட்டை. ஐப்பசி முழுக்க அங்கேதான் சொட்டியிருக்கிறது.

டேங்கில் துரு அடியில் மட்டும் இருக்கிறது. கார்புரேட்டர் வேறு ஒருவரிடம் கொடுத்து, பட்டறை அண்ணன் சொன்ன நாலு சாமானும் மாற்றி, புதுப் பெட்ரோல் இரண்டு லிட்டர் ஊற்றி மூன்றாவது உதையில் பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டு அப்பா வாசலுக்கே வந்துவிட்டார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு. பிளக் இப்போதைக்கு டீத்தூள் நிறம்தான். மருந்து மிஷினுக்கு டியூபும் டயாபிராமும் சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.

இரண்டு சந்தேகம். பிரிந்துபோன அந்த ஏழு லிட்டரை என்ன செய்வது? நான் கோவை போனதும் வண்டி மறுபடி நிற்கப்போகிறது, டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா?

சோடியம்:

அடியில் நின்றது எல்லாம் தண்ணீர் இல்லை, பெரும்பங்கு எத்தனால்தான், தண்ணீர் ஒரு தம்ளர் அளவு இறங்கியிருந்தாலே போதும். குலுக்கினால் மறுபடி கலந்துவிடும் என்று நினைக்காதீர்கள், கலக்காது. மேலே நிற்பதும் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்த பெட்ரோல், வண்டிக்கு வேண்டாம். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். மேல் அடுக்கைப் பட்டறையில் சாமான் கழுவ வாங்கிக்கொள்வார்கள், அடியில் இருப்பதையும் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

பழனிரோடு பட்டறை:

ஒன்றிரண்டு மாதம் என்றால் கழுத்துவரை நிரப்பு, இரும்பு டேங்கில் காற்று எவ்வளவு குறைவோ துரு அவ்வளவு குறைவு. டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்து அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடு. அதற்கும் மேலே நிற்கும் என்றால் முழுக்க இறக்கி, உள்ளே கொஞ்சம் டூ டி ஆயில் விட்டு டேங்கை நாலா பக்கமும் சாய்த்து எடு, பிறகு ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்ச நேரம் புகையும், பயப்படாதே. டேங்குக்குள் கோட்டிங் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் எத்தனால் தாங்குமா என்று முதலில் கேள், தாங்காத கோட்டிங் தோல் தோலாக உரிந்து டேப்பை அடைக்கும். அதைவிட, பக்கத்து வீட்டுப் பையன் யாரிடமாவது சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை மன்னார்குடி வரை ஓட்டிவரச் சொல்.

மூடி வாஷர் மாற்றினாயா, அதை நீ எழுதவே இல்லையே?

வெண்ணாற்றங்கரை:

மாற்றிவிட்டேன் அண்ணே. கீற்றும் மாற்றியாகிவிட்டது. சாவியைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுக்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் மூன்று வாரத்தில் தானே ஓட்டுவாராம்.